மூன்று மணி வாத்து

ஜூலை 1

இந்த டைரி ஸ்டோர் ரூம் அலமாரியில், பினாயில் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது. போன வருடத்தது. அட்டையில் கம்பெனி பெயர் தங்க எழுத்தில் மின்னுகிறது, உள்ளே ஒரு வரி கிடையாது. கிழமைகள் மட்டும் ஒரு நாள் தள்ளி நிற்கின்றன. நிற்கட்டும். ஐந்தாம் வகுப்பு வாசலோடு நின்றுகொண்டவள் எழுதுகிற டைரி வேறு எப்படி இருக்கும்?

யாராவது எடுத்துப் படித்தால் என்னைத் திருடி என்று நினைக்கக் கூடாது. நான் மயிலாத்தாள். வயது நாற்பத்தெட்டு. சரவணம்பட்டியில் இந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி பேன்ட்ரி என் ராஜ்யம். டீ போடுவது, கப் கழுவுவது, டேபிள் துடைப்பது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை.

ஆறாவது மாடியில் முப்பது கம்ப்யூட்டர்காரர்கள். முப்பது பேருக்கும் பட்டப்பெயர் உண்டு. சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறு பிஸ்கட் எடுப்பவர் டயட்டு. தலைமையில் இருக்கிற ஜெரால்டு சார், இன்னும்-அஞ்சு-நிமிசம். எல்லாம் நான் வைத்தது. மேகலா மேடத்துக்கு மட்டும் ஜெரால்டு சார் வைத்தது: பவர்கட்டு. நல்ல பெயர், எனக்குப் பொறாமையாக இருந்தது. டீ கொடுக்கும்போது நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். "பவர்கட்டுக்கு ஒரு இஞ்சி டீ!"

இன்று மலை தெரியவில்லை. மேற்கிலிருந்து மேகம் வந்து கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டது. கப் கழுவிக்கொண்டே பார்த்தால் கட்டடம் மெல்ல மிதந்து போகிற மாதிரி இருந்தது. எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 2

ஒரு கொலை செய்துவிட்டேன்.

மேகலா மேடத்தின் டேபிளில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்து இருக்கும். குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீரில் விடுவார்களே, அது. முதுகெல்லாம் டீக்கறை. பாவம் என்று எடுத்துக்கொண்டு போய், கப்களோடு சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, அலகு உள்ளே போய், பல்வலிக்காரன் மாதிரி ஆகியிருந்தது.

கொண்டுபோய் வைத்தேன். மேடம் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். "விடுங்கக்கா" என்றாள். அதற்கப்புறம் சாயங்காலம் வரை அவள் விரல் கீபோர்டில் படவில்லை.

ஜெரால்டு சார் எட்டிப் பார்த்து, "மயிலக்கா, பவர்கட்டோட டிரான்ஸ்ஃபார்மரையே அவிச்சுட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் சிரிப்புதான் லிஃப்ட் வரை கேட்டது.

ஜூலை 3

வேறு வாத்து வாங்கித் தருகிறேன் என்றேன்.

"புது வாத்துக்கு என்னக்கா தெரியும்? இதுக்கு மூணு வருசத்துக் கதை தெரியும்" என்றாள் மேகலா. முப்பத்தாறு வயதுக்காரி பேசுகிற பேச்சா இது?

பிறகு விளக்கினாள். இவர்கள் தொழிலில் இது ஒரு வழக்கமாம். கம்ப்யூட்டரில் எழுதுவது எங்காவது சிக்கிக்கொண்டால், ஒரு வாத்தை எதிரே வைத்துக்கொண்டு முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லத் தப்பு எங்கே இருக்கிறதென்று நமக்கே தெரிந்துவிடும்.

"பைத்தியமாட்ட இருக்குதுங்களா?"

"இல்லீங் கண்ணு. சாமிகிட்ட சொல்றோமில்ல, அதாட்டத்தானுங்."

"சாமிகிட்ட சொன்னா பயம் வருதுங்கக்கா. வாத்துகிட்ட வர்றதில்ல."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அப்ப நானே வாத்தா இருந்துக்கறனுங். என்னையக் கொதிக்க வெச்சாலும் கோணமாட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தினம் மூன்று மணிக்கு, சின்ன மீட்டிங் ரூமில், பத்து நிமிடம். வாத்து பேசக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. "முக்கியமா, சிரிக்கக் கூடாது." அந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்தாள்.

ஜூலை 4

முதல் நாள் வாத்து வேலை. கால் மேல் கால் போடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கேயோ குளிர் நாட்டில் பெரிய பெரிய குளிர் அறைகளில் மருந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே சூடு ஏறினால் மருந்து கெட்டுவிடும். அதனால் சூடு ஏறினால் ஆறாவது மாடிக்காரர்களின் செல்போனில் மணி அடிக்கும். இவர்கள் பார்த்து அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், அங்கே ஒருவர் கதவைத் திறந்து மூடினாலே இங்கே மணி அடிக்கிறது. ஒரு நாளைக்கு நானூறு தடவை. அதில் நிஜம் நாலு இருந்தால் அதிகம். அதனால் யாரும் மணியை மதிப்பதில்லை. போன சித்திரையில் ஒரு நாள் நிஜமாகவே சூடு ஏறியது. மணி அடித்தது. ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு அறை மருந்து முழுவதையும் கொட்டினார்கள்.

மேகலா யோசித்து வைத்திருப்பது, பொய்யா நிஜமா என்று பார்த்துவிட்டு அடிக்கிற மணி.

புரிந்தது என்று தலையாட்டப் போனேன். வாத்து தலையாட்டுமா? தெரியவில்லை. பாதி ஆட்டி நிறுத்திக்கொண்டேன். அவள் சொல்லச் சொல்லக் குரல் மாறிக்கொண்டே வந்தது. தூக்கத்தில் நடப்பவர்கள் பேசுகிற மாதிரி, கண் எங்கேயோ, கை காற்றில் எதையோ வரைகிறது. பத்து நிமிடம் முடிந்ததும் முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி விழித்துக்கொண்டாள்.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சுங்கக்கா" என்று ஓடினாள். நான் ஒன்றுமே செய்யவில்லை.

ஜூலை 6

ஞாயிறு. எட்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர். அண்டா, குடம், பெயின்ட் வாளி, எல்லாம் ரொம்பியது. இட்லிக்கு ஆட்டினேன். போர்வை இரண்டும் துவைத்தேன்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தாள். "மணியகாரர் ஐயா இருக்காருங்களா? வருமானச் சான்றிதழுக்கு ஒரு கையெழுத்து வேணும்." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். வீதியில் எல்லாரும் மணியகாரர் என்று கூப்பிடுவதைக் கேட்டு, கிராம அதிகாரி என்றே நினைத்துவிட்டாள்.

அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். பத்தொன்பது வருடத்துக் கதை, என் கைவசம் இருப்பதிலேயே உசத்தியானது. அப்போதும் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, விடியலில் குழாயடியில் காத்துக் கிடப்போம். இவர் இரண்டு மாதம் பட்டறையில் எதையோ ராவி, ராவி, குழாய் வாயில் ஒரு தகடும் மணியும் மாட்டினார். தண்ணீர் வந்தால் தகட்டைத் தள்ளும், மணி அடிக்கும், வீதியே நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். முதல் நாள் மணி அடித்தது. வீதியே குடத்தோடு ஓடிவந்தது. இவர் முன்னால், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. குழாயில் விஷ்ஷ் என்று காற்று. வெறும் காற்று. தண்ணீர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கே நான் வைத்த பெயர்தான் மணியகாரர்.

அவர் ஓடிய ஓட்டத்தைக் குடத்தோடு ஓடிக் காட்டினேன். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். எப்போது அந்தக் கதையை எடுத்தாலும் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

ஜூலை 8

கனவு. ஆறாவது மாடி முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். டேபிளெல்லாம் பரிசல் மாதிரி மெல்லச் சுற்றுகின்றன. கோணக் கழுத்து வாத்து நடுவில் நீந்துகிறது. யாரும் சத்தம் போடவில்லை. நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன், வாயிலிருந்து விஷ்ஷ் என்று காற்று மட்டும் வந்தது.

ரசம் சாப்பிட்டுப் படுத்தது தப்பு.

ஜூலை 10

இன்று மேகலா கம்ப்யூட்டர் விஷயம் சொல்லவில்லை. வேறு சொன்னாள்.

முப்பதாம் தேதி அந்தக் குளிர் நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் அவள் தன் மணியைச் செய்து காட்ட வேண்டும். இருபத்தைந்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதோடு சரி, மணி பழையபடியே அடிக்கும், அவளை வாராந்திர ரிப்போர்ட் எழுதுகிற வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அவளே ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறாள்: என்னால் முடியவில்லை, ரிப்போர்ட் வேலையே போதும் என்று. இன்னும் அனுப்பவில்லை.

போன வருடமும் இப்படி ஒன்றைச் செய்து காட்டப் போனாளாம். பாதியில் பெரிய ஸ்க்ரீன் கறுப்பாகிவிட்டது. ஏதோ ஒயர் கோளாறு. "பவர்கட்டா?" என்றார் ஜெரால்டு சார். அவ்வளவுதான், அறையே சிரித்துவிட்டது.

"என்னோட யோசனை தப்புன்னு அன்னிக்கு யாரும் சொல்லலீங்கக்கா. சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன். சிரிச்சாங்க. சிரிப்ப எப்படித் திருத்தறதுங்?"

வாத்து பேசக் கூடாது. அன்று அந்த அறைக்கு டீ கொண்டுபோனது நான்தான். அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஞாபகம் இருக்காது. ட்ரே பிடிக்கிறவளை யார் பார்க்கிறார்கள்?

ஜூலை 14

சிரித்துவிட்டேன்.

வேண்டுமென்று இல்லை. அவள் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லப் போவதை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். "குட் மார்னிங்" என்று ஆரம்பித்தவள் கடிகாரத்தைப் பார்த்து "குட் ஆஃப்டர்நூன்" என்றாள், பிறகு என்னைப் பார்த்து "வாத்தக்கா" என்று கும்பிட்டாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கூடவே வாய், அது சும்மா இருக்குமா, "பவர்கட்டு வந்துருச்சாட்ட இருக்குதுங்!" என்றுவிட்டது.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடினாள். "போதுங்கக்கா, உங்களுக்கு வேலையிருக்கும்" என்றாள்.

சிரித்தாள் அல்லவா? அப்புறம் என்ன?

ஜூலை 15

மூன்று மணிக்கு யாரும் கூப்பிடவில்லை. சின்ன மீட்டிங் ரூம் டேபிளை இரண்டு தடவை துடைத்தேன்.

ஜூலை 16

மூன்று தடவை. டீயில் உப்புப் போட்டுவிட்டேன். டயட்டு குடித்துவிட்டு, "இது புது வகைங்களாக்கா?" என்றார். கப்பை வாங்கிக் கழுவப் போட்டேன். உடம்புக்கு முடியவில்லையா என்று நாலு பேர் கேட்டார்கள்.

ஜூலை 18

ஆடி பிறந்து இரண்டு நாள். காற்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. கீழே தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை சீவிக்கொண்டு நிற்கின்றன.

மேகலா பேன்ட்ரிக்கு வந்து வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் விளக்கு அணைத்த அறை மாதிரி. மெயிலை இன்று அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன் என்றாள். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. மணியகாரர் கதையை எடுத்தேன். ஃபிளாஸ்க்கைக் குடமாகப் பிடித்துக்கொண்டு பேன்ட்ரிக்குள்ளேயே ஓடிக் காட்டினேன். விஷ்ஷ் என்று காற்று விட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அப்பறம் என்ன பண்ணுனாருங்க?"

"அப்பறம் என்னங்? வீதியே சிரிச்சுது. அவ்வளவுதான்."

"இல்லீங்கக்கா. மணிய என்ன பண்ணுனாரு? காத்துக்கு அடிக்காம இருக்கறதுக்கு என்ன பண்ணுனாரு?"

"சாக்குல சுத்திப் பரணுல போட்டுட்டாருங்."

"திருத்தலியா?"

"அடுத்த வாரமே என்னமோ வழி கண்டுபிடிச்சிருக்கறேன்னு வந்தாருங். நான்தான்..." அங்கே எனக்கு ஞாபகம் சரியாக வரவில்லை. "நான் அடுப்புல வேலையா இருந்தேன்."

"அப்பறம் வேற ஏதாச்சும் செஞ்சாருங்களா? இந்தப் பத்தொம்பது வருசத்துல?"

கெட்டில் கொதித்து நின்றது. நான் யோசித்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் அவர் எதையாவது செய்துகொண்டே இருப்பார். தேங்காய் திருகியில் பிடி மாற்றினார். தொட்டிலுக்குத் தானாக ஆடுகிற ஸ்பிரிங் போட்டார். அதற்குப் பிறகு, இல்லை. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவார்.

"இல்லீங்" என்றேன்.

மேகலா டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா, எனக்கும் அவருக்கும் ஒரே மணிதானுங்களே. அவருக்குக் காத்து, எனக்குக் கதவு." கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தாள். "இந்தக் கதைய முப்பதாந்தேதி நான் சொல்லிக்கட்டுங்களா? ஆனா அது அவரு கதை. அவருகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்பதா? இத்தனை வருடமும் கல்யாண வீட்டில், காதுகுத்தில், ரேஷன் கடை வரிசையில் நான் கேட்டா சொன்னேன்?

மெயில் இன்று போகவில்லை. எனக்காக அவள் காத்திருக்கிறாள்.

ஜூலை 20

ஞாயிறு. பூண்டு உரித்தேன். அவர் சட்டைக்கு பட்டன் தைத்தேன். அரிசியில் கல் பார்த்தேன், கல்லே இல்லாத அரிசியில். மத்தியானம் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, எங்க ஆபீசுல ஒரு புள்ள, உங்க மணிக் கதையச் சொல்லிக்கட்டுமான்னு கேட்டுச்சு."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நீ அங்கயும் ஓடிக் காட்டிட்டியா?"

நான் ரசத்தைக் கலக்கினேன்.

"இத்தன வருசமாக் கேக்காமத்தானே சொன்னே? இப்ப என்ன புதுசா?"

"அந்தப் புள்ள கேக்கச் சொல்லுச்சுங்."

"சிரிக்கறதுக்கா?"

"இல்லீங். அது சிரிக்கவே இல்லீங். அப்பறம் என்ன பண்ணுனாருன்னு கேட்டுச்சு."

வெளியே ஆடிக் காற்றில் யார் வீட்டுத் தகரமோ அடித்துக்கொண்டது. கை கழுவிவிட்டு வந்து, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"காத்துதான் மொதல்ல வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சுன்னு சொல்லச் சொல்லு. மத்ததெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." படியிறங்கிப் போனவர் திரும்பினார். "பேரச் சொல்லிச் சொல்லட்டும். மணியகாரர்னு வேண்டாம்."

நான் எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்டேன். "அத நீ என்ன பண்ணப் போறே?" என்று போய்விட்டார்.

மிளகாய்ப்பொடி கை கண்ணில் பட்டுவிட்டது. எரிச்சல் சாயங்காலம் வரை நிற்கவில்லை.

ஜூலை 21

சொன்னேன். "அவரு பேரென்னங்கக்கா?" என்றாள். வாயால் சொல்லி வழக்கமில்லை. பேப்பர் கப்பில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவள் அந்தக் கப்பை, கோண வாத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனேன்.

ஜூலை 23

வாத்து வேலை. சாரல் கண்ணாடியில் கோடு கோடாக இறங்குகிறது. அவள் பேசுவதும் அதுவும் ஒரே சத்தமாக இருக்கிறது. வார்த்தை பாதி புரியவில்லை. ஆனால் எங்கே அவள் பயப்படுகிறாள், எங்கே மறந்துவிட்டுப் பறக்கிறாள் என்று தெரிகிறது. ஒரு ஆள் இப்படி நினைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பால் பொங்கி வருவதற்கு முன்னால் ஒரு நிமிடம் விளிம்பெல்லாம் நடுங்குமே, அது மாதிரி இருக்கிறது. ஊதினால் அடங்கிவிடும்.

பால் நினைப்பு வந்ததும் பேன்ட்ரிக்கு ஓடினேன். பொங்கிக் கொட்டியிருந்தது.

ஜூலை 25

பெயர் கொடுத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பழைய மெயிலை அழித்தாள். சுக்குமல்லி காபி போட்டுக் கொடுத்தேன். "மேகலா மேடத்துக்கு ஒரு சுக்கு காபி" என்று சொல்லிக்கொண்டே கொண்டுபோனேன். ஜெரால்டு சார் நிமிர்ந்து பார்த்தார்.

ஜூலை 30

முதலிலிருந்து எழுத வேண்டும்.

பெரிய மீட்டிங் ரூம். வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர், நம்மவர்கள் எட்டுப் பேர். நான் ட்ரேயில் பதினோரு கப் எடுத்துக்கொண்டு உள்ளே போகவும், மேகலா எழுந்து நிற்கவும் சரியாக இருந்தது. நீலச் சேலை. கையில் அந்தப் பேப்பர் கப்.

ஸ்க்ரீனில் என்னென்னவோ கட்டம் ஓடியது. இரண்டு நிமிடம் இருக்கும். பட்டென்று கறுப்பாகிவிட்டது.

சத்தியமாக. போன வருடம் மாதிரியே. ஒருவர் குனிந்து ஒயரை ஆட்டினார். இன்னொருவர் எதையோ அமுக்கினார். கறுப்பு கறுப்பாகவே நின்றது.

ஜெரால்டு சார் நாற்காலியில் சாய்ந்தார். "பவர்..." என்று ஆரம்பித்தார். பாதியில் என்னைத்தான் பார்த்தார். பழக்கம். அவர் ஆரம்பிப்பார், நான் முடிப்பேன், என் சிரிப்பு கிளம்பினால் மற்றவர்கள் சிரிப்பும் பின்னால் வரும். நம்மவர்கள் எட்டுப் பேரின் வாயும் ஓரத்தில் தயாராக இருந்தது. மேகலாவும் என்னைத்தான் பார்த்தாள்.

என் நாக்கு பல்லிடுக்கில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. காலையில் தின்ற கடலையாக இருக்கும். அதனால்தான் சிரிப்பு வரவில்லை. ட்ரேயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒரு கப்கூட ஆடவில்லை.

ஜெரால்டு சாரும் மிச்சத்தைச் சொல்லவில்லை.

ஏசி சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே மேகம் நகர்ந்து, மருதமலை துவைத்து உலர்த்திய பச்சைச் சேலை மாதிரி வெளியே வந்தது. மேகலா ஸ்க்ரீனை விட்டு நகர்ந்து டேபிள் பக்கம் வந்தாள். பேப்பர் கப்பை டேபிளில் வைத்தாள். பேச ஆரம்பித்தாள்.

இங்கிலீஷ். ஒன்றும் புரியவில்லை. ஆனால் கையால் குழாய் வரைந்தாள், அது புரிந்தது. காதில் கை வைத்தாள். விஷ்ஷ் என்றாள். என்னை விட நன்றாகவே விட்டாள் காற்றை. குடத்தோடு ஓடிக் காட்டவில்லை. அந்த இடத்தில் சும்மா நின்றாள். பிறகு சொன்னாள்: சென்னியப்பன்.

அந்த இங்கிலீஷுக்கு நடுவில் அந்தப் பெயர். அதை யார் வாயிலும் கேட்டுப் பல வருடமாகிறது. யாரையோ சொல்கிறாள் என்று நினைத்தேன் முதலில்.

நரைத்த தாடி வைத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் முன்னால் சாய்ந்து ஏதோ கேட்டார். மேகலா பதில் சொன்னாள். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். நடுவில் ஸ்க்ரீன் தானாக வந்துவிட்டது, யாரும் அதைப் பார்க்கவே இல்லை. நான் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், டீயெல்லாம் ஆறிப்போய்விட்டது. அதை யாரும் கேட்கவும் இல்லை.

வெளியே வந்து சொன்னாள். ஒரே ஒரு குளிர் அறையில், ஒரு மாதம், அவளுடைய மணியை மாட்டிப் பார்க்கப் போகிறார்கள். அவ்வளவுதான். ஜெயிக்குமா என்று தெரியாது.

"அந்தத் தாடிக்காரரு என்னக்கா கேட்டாரு தெரியுங்களா? அந்தாளு அப்பறம் எப்படித் திருத்துனாருன்னு."

"நீங்க என்ன சொன்னீங் கண்ணு?"

"இன்னும் கேக்கலைன்னு சொன்னேன்."

ஜூலை 31

ஜெரால்டு சார் தனியாக வந்து, "மயிலக்கா, எனக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?" என்றார். சொன்னேன். சிரித்தார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்களா?" என்றார்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. மஞ்சள் கயிறு, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம். இன்று தண்ணீர் விடுவார்கள் என்று வீதியே குடத்தை வெளியே வைத்துக் காத்திருந்தது.

அந்தத் தாடிக்காரர் கேட்டதை அவரிடம் நாலு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். எப்படிச் சொன்னாலும் என் வாயில் அது கேலியாகிவிடும் என்று பயம். இன்று இலையைப் போட்டுக்கொண்டே, அடுப்பைப் பார்த்துச் சொன்னேன். "பதினோரு பேரு கேட்டாங்க. ஒருத்தரும் சிரிக்கலீங். உங்க பேரச் சொல்லித்தான் அந்தப் புள்ள சொல்லுச்சு. எப்படித் திருத்துனாருன்னு வெளிநாட்டுக்காரரு ஒருத்தரு கேட்டிருக்கறாரு."

அவர் தேங்காய்ச் சாதம் முழுவதையும் தின்று முடித்தார். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறிப் பரணில் கையை விட்டார். சாக்கு வந்தது. தூசி வந்தது. இரண்டு பேருக்கும் தும்மல்.

குழாயடிக்குக் கொண்டுபோனார். நான் எதிரே சிமெண்ட் கல்லில் உட்கார்ந்தேன். கால் மேல் கால் போடவில்லை. கை மடியில்.

"ஏம்புள்ள, பேசாம உக்காந்திருக்கறே? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

தலையை ஆட்டினேன், பாதி.

அவர் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். முதலில் தரையைப் பார்த்துச் சொன்னார். தகட்டைக் கழற்றினார். அந்த இடத்தில் ஒரு கயிறு, ஒரு சின்னக் கப்பி, கயிற்று நுனியில் குழாய் வாய்க்கு நேர் கீழே ஒரு பெயின்ட் டப்பா. "காத்துக்குத் தள்ளத்தான் தெரியும். கனக்கத் தெரியாது. டப்பா ரொம்பிக் கனத்தாத்தான் கயிறு எறங்கும். எறங்குனாத்தான் மணி." குரல் மாறியது. கண் எங்கேயோ போனது. கை காற்றில் எதையோ வரைந்தது. இந்த ஆளை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றாள். எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர். "மணியகாரரு மறுபடியும் மணி கட்டறாரு டோய்!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் குழாயைப் பார்த்தேன்.

விஷ்ஷ் என்று வந்தது காற்று. டப்பா ஆடியது. அவர் நெற்றியில் வேர்வை. எனக்கு நாக்கு பல்லுக்கு நடுவில்.

மணி அடிக்கவில்லை.

"அடிக்கலியே?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"அடிக்கக் கூடாது" என்றார் அவர், அவளைத் திரும்பிப் பார்க்காமல்.

காற்று வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒருத்தரும் குடத்தைத் தூக்கவில்லை. பிறகு குழாய் இருமியது. டப்பாவில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு ஒழுகல். கயிறு மெல்ல, ரொம்ப மெல்ல இறங்கியது.

நான் மூச்சுக்கூட விடவில்லை.

அடித்தது.